புது டொமைன் நீட்சிகளில் காசு போடலாமா? கொக்குவில் தம்பிக்கு ஒரு விரிவான பதில்

கேள்வி இதுதான். யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் இருக்கும் ஒரு தம்பி கணினிப் படிப்பு முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறார். கனடாவில் இருக்கும் மாமா ஐந்து இலட்சம் ரூபாய் அனுப்பி, ஏதாவது தொழில் தொடங்கச் சொல்லியிருக்கிறார். டொட் கொம்மில் நல்ல பெயர் எதுவும் மிச்சமில்லை. ஆனால் டொட் ஷொப், டொட் ஒன்லைன், டொட் எக்ஸ்வைஇசட் மாதிரியான புது நீட்சிகளில் (இணைய முகவரியில் கடைசிப் புள்ளிக்குப் பின் வரும் பகுதிதான் நீட்சி) இன்னும் அருமையான சொற்கள் கிடக்கின்றன. முதல் வருடத்துக்கு இரண்டு டொலர்தான் கேட்கிறார்கள். இனி இன்னும் நிறையப் புது நீட்சிகள் வரப்போகின்றனவாம். நூறு பெயரை இப்போதே வாங்கிப் போட்டால் ஐந்து வருடத்தில் நல்ல விலைக்கு விற்கலாமா என்று கேட்கிறார்.

தம்பி, நூறு பெயர் வாங்காதீர்கள். ஐந்து இலட்சத்தில் நாலரை இலட்சத்தைத் தொடாமல் வங்கியிலேயே விடுங்கள். மிச்ச ஐம்பதாயிரத்தை வைத்து இந்தத் தொழிலைக் கற்றுக்கொள்ளலாம். அது எப்படி என்று பின்னால் சொல்கிறேன். முதலில் ஏன் வேண்டாம் என்கிறேன் என்பதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

நம் ஊரில் வெளிநாட்டுக் காசு வந்தால் முதல் யோசனை காணிதான். டொமைன் விற்கிறவர்களும் அதைத் தெரிந்துதான் "இணையத்தில் காணி" என்று சொல்லி விற்கிறார்கள். ஆனால் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இரண்டு பரப்புக் காணியை வாங்கி வேலி அடைத்துவிட்டால், இருபது வருடம் திரும்பிப் பார்க்காவிட்டாலும் காணி உறுதிப் பத்திரம் உங்கள் பெயரில்தான் இருக்கும். டொமைனுக்கு உறுதி கிடையாது. அது குத்தகை. ஒவ்வொரு வருடமும் கட்ட வேண்டும், எவ்வளவு முன்கூட்டிக் கட்டினாலும் ஒரே தடவையில் 10 வருடத்துக்கு மேல் போக முடியாது. அந்தக் குத்தகை எவ்வளவு என்று தீர்மானிப்பவர் நீட்சியை நடத்துகிற கொம்பனிக்காரர்.

இந்தக் கடைசி விஷயத்தைத்தான் பலர் கவனிப்பதில்லை. டொட் கொம்மை நடத்துவது வெரிசைன் என்ற கொம்பனி. அது பதிவாளர்களிடம், அதாவது நமக்குப் பெயரைப் பதிந்து விற்கும் கொம்பனிகளிடம், வாங்கும் மொத்த விலைக்கு ஒப்பந்தத்தில் உச்ச வரம்பு இருக்கிறது. 2024 செப்டெம்பரில் அது வருடத்துக்கு 10.26 டொலர் ஆனது. இணையப் பெயர்களை உலக அளவில் நிர்வகிக்கும் ஐகேன் அமைப்பு 2012 இல் நடத்திய விண்ணப்பச் சுற்றில் வந்த புது நீட்சிகளுக்கு அப்படி ஒரு வரம்பே இல்லை. விலையைக் கூட்டுவதற்கு ஆறு மாதம் முன்னால் பதிவாளர்களுக்கு அறிவிக்க வேண்டும், அவ்வளவுதான் பாதுகாப்பு. அந்த இடைவெளியில் பழைய விலையிலேயே 10 வருடம் வரை புதுப்பித்துக்கொள்ளலாம். ஆனால் நூறு பெயருக்கும் பத்து வருடக் காசை ஒரேயடியாகக் கட்ட யாரால் முடியும்? 2017 இல் யுனிரெஜிஸ்ட்ரி என்ற கொம்பனி தன்னிடம் இருந்த பல நீட்சிகளின் விலையைப் பல மடங்கு உயர்த்தியது. டொட் ஹோஸ்டிங் போன்றவை மொத்த விலையிலேயே 300 டொலருக்குப் போயின. அதைப் பார்த்து கோ டாடி என்ற பெரிய பதிவாளர் அந்தக் கொம்பனியின் நீட்சிகளைப் புதிதாக விற்பதையே நிறுத்தியது. எதிர்ப்பு வலுத்த பிறகு பழைய பதிவுகளுக்குச் சலுகை கொடுத்தார்கள், உண்மைதான். ஆனால் பெயர் வாங்கி வைத்திருந்தவருக்கு உரிமையாக எதுவும் இல்லை என்பது அன்றைக்குத் தெளிவாகிவிட்டது.

இனி, "நல்ல சொற்கள் இன்னும் கிடக்கின்றன" என்ற பேச்சுக்கு வருவோம். தொண்ணூறுகளில் டொட் கொம் பெயர் வாங்கியவர்கள் ஏன் பணக்காரர் ஆனார்கள்? அப்போது நல்ல சொல்லுக்கும் மோசமான சொல்லுக்கும் ஒரே பதிவுக் கட்டணம்தான். விற்கிறவருக்கு அந்தச் சொல்லின் பெறுமதி தெரியாது, வாங்குகிறவருக்குத் தெரிந்தது. லாபம் முழுவதும் அந்த இடைவெளியில்தான் பிறந்தது. 2019 இல் வொய்ஸ் டொட் கொம் 30 மில்லியன் டொலருக்கு விற்றது வரை அந்தக் கதைதான் நீள்கிறது. புது நீட்சிக்காரர்கள் இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவர்கள். விற்பனைக்குத் திறப்பதற்கு முன்னரே நல்ல சொற்களையெல்லாம் பிரித்தெடுத்து "பிரீமியம்" என்று பெயர் வைத்து, நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் டொலர் விலை போட்டுவிட்டார்கள். சிலவற்றுக்கு முதல் வருட விலை மட்டுமில்லை, புதுப்பிக்கும் கட்டணமும் பிரீமியம்தான். அந்த இடைவெளியில் கிடைக்கவேண்டிய லாபத்தைப் பதிவகமே, அதாவது நீட்சியை நடத்தும் கொம்பனியே, முதலில் எடுத்துக்கொள்கிறது. இரண்டு டொலருக்கு உங்கள் கண்ணில் படுவது அவர்கள் சலித்து எடுத்த பிறகு எஞ்சியது.

அவர்கள் ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்பதற்கும் காரணம் உண்டு. 2012 இல் ஐகேன் விண்ணப்பம் கோரியபோது ஒரு நீட்சிக்கான கட்டணமே 185,000 டொலர். அப்படி 1,930 விண்ணப்பங்கள் வந்தன. அவற்றில் 1,200 க்கும் மேற்பட்ட நீட்சிகள் கடைசியில் இயங்க வந்தன. ஒரே சொல்லுக்குப் பலர் போட்டி போட்டால் ஏலம். டொட் ஆப் நீட்சிக்காக 2015 இல் கூகிள் 25 மில்லியன் டொலர் கொடுத்தது. டொட் ஷொப் 2016 இல் 41.5 மில்லியனுக்குப் போனது. டொட் வெப் 135 மில்லியன். இந்தக் காசை அவர்கள் யாரிடமிருந்து திருப்பி எடுப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்தது, தட்டுப்பாடு என்ற வாதம். "நல்ல பெயர்கள் குறைவு, அதனால் விலை ஏறும்" என்பது டொட் கொம்முக்குப் பொருந்தும். புது நீட்சியில் அது தலைகீழ். படம் எடுக்கிற ஒருவர் தன் பெயரில் டொட் போட்டோ வாங்கலாம். அது இல்லையென்றால் டொட் போட்டோஸ். அதுவும் இல்லையென்றால் டொட் போட்டோகிரபி, டொட் பிக்ஸ், டொட் பிக்சர்ஸ். இவை அத்தனையும் உண்மையாகவே இருக்கிற நீட்சிகள். நீங்கள் ஒன்றை வாங்கி வைத்து ஆயிரம் டொலர் கேட்டால், அவர் பக்கத்து நீட்சியில் அதே பெயரைச் சில டொலருக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார். இன்னொரு சுற்று வருகிறது என்பதை நீங்கள் வாய்ப்பாகப் பார்க்கிறீர்கள். ஏற்கெனவே பெயர் வைத்திருப்பவருக்கு அது கெட்ட செய்தி, ஏனென்றால் மாற்றுகள் இன்னும் பெருகப் போகின்றன. 2026 ஏப்ரல் 30 முதல் ஆகஸ்ட் 12 வரை விண்ணப்பக் காலம் என்று ஐகேன் அறிவித்தது. கட்டணம் 227,000 டொலர். இது நீட்சியையே நடத்த விரும்பும் கொம்பனிகளுக்கான கதவு. அங்கே வரும் நீட்சிகளில் உங்களைப் போன்ற ஒருவர் பெயர் வாங்க 2027 க்கு முன் வழி வராது. ஆகவே அதை எண்ணி இப்போது அவசரப்பட எந்தக் காரணமும் இல்லை.

சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம். நூறு பெயர், ஒவ்வொன்றும் முதல் வருடம் 2 டொலர். மொத்தம் 200 டொலர். மலிவாகத் தெரிகிறது. இரண்டாம் வருடம் புதுப்பிக்கும் கட்டணம் நீட்சிக்கு நீட்சி வேறுபடும், ஆனால் 30 டொலர் என்பது சாதாரணமாகக் காணக்கூடிய தொகை. நூறு பெயருக்கு 3,000 டொலர். டொலர் 300 ரூபாய் என்று வைத்தால் ஒன்பது இலட்சம் ரூபாய். மாமா தந்த மொத்தக் காசும் முதல் புதுப்பித்தலுக்கே போதாது! இந்தத் தொழிலில் இருப்பவர்கள் டொட் கொம்மில்கூட நூறு பெயருக்கு வருடத்தில் ஒன்றோ இரண்டோ விற்பதைத்தான் சாதாரணம் என்கிறார்கள். புது நீட்சியிலும் ஒன்று விற்றது என்றே வைத்துக்கொள்ளுங்கள். சந்தைத் தளம் 20 சதவீதம் கழித்தால், செலவை ஈடுகட்டவே அந்த ஒரு பெயர் 3,750 டொலருக்குப் போக வேண்டும். லாபம் அதற்கு மேல்தான் தொடங்கும். அந்த அளவு விலைக்குப் போகக்கூடிய பெயரைப் பதிவகம் இரண்டு டொலருக்கு விட்டிருக்காது.

நம் ஊரிலிருந்து செய்வதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. செலவு முழுவதும் டொலரில். 2022 இன் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் சில மாதத்துக்குள் 360 ரூபாய் வரை போனது எல்லோருக்கும் நினைவிருக்கும். அதே காலத்தில் கடனட்டைகளை வெளிநாட்டுக் கொடுப்பனவுக்குப் பாவிப்பதையும் பல வங்கிகள் மட்டுப்படுத்தின. பெயரின் பெறுமதி அப்படியே இருக்க, அதை வைத்திருக்கும் செலவு மட்டும் ரூபாயில் ஏறக்குறைய இரட்டிப்பானது. வருமானம் டொலரில் வருகிறவருக்கு அது பெரிதில்லை. விற்பனை எப்போது வரும் என்றே தெரியாத உங்களுக்கு அது பெரிய பாரம்.

பெரிய விலைக்கு விற்ற புது நீட்சிப் பெயர்களே இல்லையா என்றால், இருக்கின்றன. 2018 இல் வக்கேஷன் டொட் ரென்டல்ஸ் 500,300 டொலருக்கும், ஹோம் டொட் லோன்ஸ் 500,000 டொலருக்கும் விற்றன. இரண்டிலும் ஒன்றைக் கவனியுங்கள்: புள்ளிக்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் சேர்ந்து, ஆங்கிலத்தில் மக்கள் தினமும் சொல்கிற ஒரே சொற்றொடராக நிற்கின்றன. விடுமுறை வாடகை வீடு, வீட்டுக் கடன் என்று பெரும் பணம் புரளும் இரண்டு தொழில்கள் வேறு. இப்படிப்பட்ட சேர்க்கைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. இந்த இரண்டு செய்தியைக் காட்டித்தான் எஞ்சிய குப்பையை விற்கிறார்கள்.

பழைய வரலாறு ஒன்றும் சொல்ல வேண்டும். கைத்தொலைபேசிக்கென்று டொட் மோபி வந்தபோது, 2006 இல் பிளவர்ஸ் டொட் மோபி என்ற பெயர் ஏலத்தில் 200,000 டொலருக்குப் போனது. பிறகு தொலைபேசியிலேயே சாதாரண இணையத்தளங்கள் நன்றாகத் திறக்கத் தொடங்கின. தனி நீட்சிக்குத் தேவையே இல்லாமல் போயிற்று. சில வருடம் கழித்து அதே பெயர் சில ஆயிரம் டொலருக்குத்தான் கைமாறியது. 2014 இல் டொட் எக்ஸ்வைஇசட் வந்தபோது ஒரு பெரிய பதிவாளர் தன் வாடிக்கையாளர்களின் கணக்கில் கேட்காமலே இலவசமாகப் பெயர்களைச் சேர்த்துவிட்டது. பதிவு எண்ணிக்கை ஏறியது, தேவை ஏறவில்லை. ஆகவே "இத்தனை இலட்சம் பேர் பதிந்துவிட்டார்கள்" என்று யாராவது சொன்னால், அதில் எத்தனை பெயரில் உண்மையான தளம் ஓடுகிறது, எத்தனை இரண்டாம் வருடம் புதுப்பிக்கப்பட்டது என்று கேளுங்கள்.

மலிவான நீட்சிகளுக்கு இன்னொரு நோயும் உண்டு. காசு குறைவு என்பதால் மோசடிக்காரரும் அங்கேதான் கூடுகிறார்கள். கூடியதும் மின்னஞ்சல் வடிகட்டிகள் அந்த நீட்சியையே சந்தேகக் கண்ணோடு பார்க்கத் தொடங்கும். மோசடித் தளங்கள் பற்றிய முறைப்பாடுகளைச் சரியாகக் கையாளவில்லை என்று டொட் டொப் பதிவகத்துக்கு 2024 இல் ஐகேன் ஒப்பந்த மீறல் அறிவித்தல் அனுப்பியது. இப்படிப் பெயர் கெட்ட நீட்சியில் ஒரு நேர்மையான கடைக்காரர் காசு கொடுத்துப் பெயர் வாங்குவாரா? தன் விலைப்பட்டியல் மின்னஞ்சல் போய்ச் சேருமா என்ற பயத்தோடு யாரும் தொழில் நடத்த விரும்பமாட்டார்.

டொட் ஏஐ பற்றி நீங்கள் கேட்காவிட்டாலும் அடுத்ததாக அதுதான் மனதில் வரும், எனவே சொல்லிவிடுகிறேன். அது புது நீட்சியே இல்லை. கரீபியன் கடலில் இருக்கும் அங்குவிலா என்ற குட்டித் தீவின் நாட்டுக் குறி. 1995 இலிருந்து இருக்கிறது. இருபது வருடத்துக்கு மேல் யாரும் பெரிதாகத் திரும்பிப் பார்க்கவில்லை. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு எல்லாம் மாறியது. 2023 இல் மட்டும் அந்தத் தீவுக்கு இதனால் சுமார் 32 மில்லியன் அமெரிக்க டொலர் கிடைத்தது, அரசின் வருமானத்தில் ஐந்தில் ஒன்றுக்கும் மேல். அங்கே விலை ஏறியதற்குக் காரணம், அந்த இரண்டு எழுத்தைத் தங்கள் பெயரோடு வைத்துக்கொள்ள விரும்பிய உண்மையான கொம்பனிகள் ஆயிரக்கணக்கில் வந்தது. அந்தக் கட்டம் இப்போது தாண்டிவிட்டது. குறைந்தது இரண்டு வருடத்துக்கு நூறு டொலருக்கு மேல் கட்டித்தான் ஒரு பெயரைப் பதியவே முடியும். இன்று அதற்குள் புதிதாக நுழைவது உங்கள் கைக்கு அடங்காது.

நாட்டுக் குறிகளுக்கு அரசியல் ஆபத்தும் இருக்கிறது. தொழில்நுட்பக் கொம்பனிகள் விரும்புகிற டொட் ஐஓ பிரித்தானிய இந்து சமுத்திரப் பிரதேசத்துக்குரியது. அந்தத் தீவுகளை மொரீஷியஸிடம் ஒப்படைக்க 2025 மே மாதம் ஒப்பந்தம் கையெழுத்தானதிலிருந்து அந்த நீட்சியின் எதிர்காலம் பற்றிய பேச்சு ஓயவில்லை. யூகோஸ்லாவியா இல்லாமல் போன பிறகு அதன் டொட் வையூ 2010 இல் நீக்கப்பட்டது நடந்த கதை. இலவசமாகக் கிடைக்கிறது என்று படிக்கிற காலத்தில் பலர் எடுத்த நீட்சிகளில் ஒன்று டொட் ஜிஏ. 2023 இல் காபொன் நாடு அதைத் திரும்பத் தன் கைக்கு எடுத்தபோது சுமார் 70 இலட்சம் பெயர்கள் ஒரேயடியாக அழிந்தன.

ஒரு விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்கிறேன். கஸ்தூரியார் வீதி நகைக்கடையின் பெயரையோ, ஒரு வங்கியின் பெயரையோ புது நீட்சியில் எடுத்து வைத்து அவர்களுக்கே விற்கலாம் என்ற யோசனை இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். அது முதலீடு இல்லை, பறிப்பு. வர்த்தகக் குறி வைத்திருப்பவர் 1999 இலிருந்து இருக்கும் சர்வதேசப் பிணக்குத் தீர்வு முறையில் 1,500 டொலர் கட்டி முறையிட்டால், பெயர் உங்களிடமிருந்து போய்விடும். புது நீட்சிகளுக்கு இதைவிட விரைவான இன்னொரு முறையும் உண்டு. அமெரிக்கச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டால் ஒரு பெயருக்கு 100,000 டொலர் வரை நட்டஈடு விதிக்க இடமிருக்கிறது. யாழ்ப்பாணம் சின்ன ஊர். நாளைக்கு அதே கடைக்காரரிடம்தான் இணையத்தளம் செய்து தருகிறேன் என்று போய் நிற்க வேண்டி வரும்.

தமிழ் எழுத்திலேயே இருக்கும் நீட்சிகளைப் பற்றியும் சொல்ல எனக்கு ஆசை. டொட் இலங்கை 2010 இல் அங்கீகாரம் பெற்றது. இந்தியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளும் தமிழில் நீட்சி வைத்திருக்கின்றன. மூன்று நாட்டின் பெயர் தமிழ் எழுத்தில் இணையத்தின் வேரில் பதிந்திருப்பது பெருமையான விஷயம். உங்கள் சொந்தத் தளத்துக்கோ, ஊர்ச் சங்கத்துக்கோ ஒன்று எடுத்தால் சந்தோஷப்படுவேன். மறுவிற்பனைக்கு மட்டும் எடுக்காதீர்கள். தமிழ் எழுத்தில் உள்ள மின்னஞ்சல் முகவரியைப் பல படிவங்கள் இன்னும் ஏற்பதில்லை, முகவரியைத் தமிழில் தட்டச்சு செய்யும் பழக்கமும் மக்களிடம் குறைவு. விலை கொடுத்து வாங்க ஆட்கள் வரும் சந்தை அங்கே இன்னும் உருவாகவில்லை.

இனி அந்த ஐம்பதாயிரம். நான் உங்கள் இடத்தில் இருந்தால், அதில் நாலைந்து பெயருக்கு மேல் எடுக்கமாட்டேன். இலங்கையின் நாட்டுக் குறியான டொட் எல்கே ஒன்றிரண்டு, இரண்டு மூன்று சொல் சேர்ந்த டொட் கொம் ஒன்றிரண்டு. புது நீட்சியில் எடுப்பதானால் ஒன்றே ஒன்று, அதுவும் நீங்களே பாவிக்கப் போகிற பெயராக இருக்கட்டும். எந்தப் பெயரை எடுப்பது என்பதற்கு உங்களுக்கு ஒரு பலம் இருக்கிறது: நியூயோர்க்கில் இருக்கும் டொமைன் வியாபாரிக்கு இந்த ஊரின் தொழில்கள் தெரியாது. கல்யாண மண்டபம் தேடுகிற டொரொன்டோக் குடும்பம் என்ன சொல்லைத் தட்டித் தேடும், ஒடியல் மாவும் பனங்கட்டியும் லண்டனுக்கு அனுப்புகிறவர் எப்படிப்பட்ட பெயரை விரும்புவார், காணி விற்க வாங்க ஆள் தேடுபவர் எங்கே போவார் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அந்த மாதிரி ஒரு பெயரை எடுத்து, அதில் உண்மையாகவே பிரயோசனமான ஒரு சின்னத் தளத்தை நீங்களே கட்டுங்கள். மண்டபங்களின் பட்டியல், இருக்கை எண்ணிக்கை, வாகனத் தரிப்பிடம், தொலைபேசி எண் என்று ஒழுங்காகப் போட்டால் ஆட்கள் வருவார்கள். வெறும் பெயரை வாங்க ஆள் இல்லாத இடத்திலும், ஆட்கள் வந்துபோகிற தளத்தை வாங்க ஆள் இருக்கும். விற்காவிட்டாலும் அந்தத் தளத்தைக் காட்டி இன்னொருவருக்குத் தளம் செய்து கொடுக்கலாம். படித்த படிப்பும் வீண்போகாது.

பெயரைத் தெரிவு செய்யும்போது தொலைபேசியில் சொல்லிப் பாருங்கள். ஒரு தடவை சொன்னதும் மறுமுனையில் இருக்கும் பெரியம்மா சரியாக எழுதிக்கொண்டால் அது நல்ல பெயர். "கொம் இல்லை, வேற" என்று விளக்கவேண்டி வந்தால், வருகிறவர்களில் ஒரு பகுதி தவறான முகவரிக்குப் போய்விடும். ஓவர்ஸ்டொக் என்ற பெரிய அமெரிக்கக் கொம்பனியே 2011 இல் ஓ டொட் கோ என்று பெயர் மாற்றிப் பார்த்து, மக்கள் பழக்கத்தில் டொட் கொம் என்றே தட்டுவதைக் கண்டு பின்வாங்கியது. அப்புறம், விலை பேசும் முன், நடந்த டொமைன் விற்பனைகளைப் பட்டியலிடும் நேம்பயோ தளத்தில் அதே மாதிரிப் பெயர்கள் உண்மையில் என்ன விலைக்கு விற்றன என்று பாருங்கள். தானாக மதிப்பிடும் கருவிகள் காட்டும் தொகையை நம்பவேண்டாம். "வாங்க விருப்பம், முதலில் இந்த நிறுவனத்திடம் மதிப்பீட்டுச் சான்றிதழ் எடுத்து அனுப்புங்கள்" என்று மின்னஞ்சல் வந்தால் அது சான்றிதழ்க் காசைப் பறிக்கும் மோசடி, பதிலே போடாதீர்கள். உண்மையாக வாங்குபவர் வந்தால் எஸ்குரோ வழியாக, அதாவது பெயர் கைமாறும் வரை காசைப் பிடித்து வைக்கும் இடைநிலைச் சேவை வழியாக, மட்டும் முடியுங்கள். காசை எந்த வழியில் நாட்டுக்குள் எடுப்பது என்பதையும் முதலே உங்கள் வங்கியில் கேட்டு வையுங்கள், பேபால் வழியாகப் பணம் பெறுவது இங்கே நீண்ட காலமாகச் சிக்கல்.

மாமாவின் அட்டையில் வாங்குவதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். காசு அவர் கட்டட்டும், ஆனால் பதிவாளரிடம் உள்ள கணக்கும் மின்னஞ்சலும் உங்கள் பெயரில் இருக்கட்டும். அட்டை காலாவதியானால் தானியங்கிப் புதுப்பித்தல் நின்றுவிடும், அந்த அறிவித்தல் மாமாவின் பழைய மின்னஞ்சலுக்குப் போனால் உங்களுக்குத் தெரியவே வராது. பொதுவாக முடிவுத் திகதிக்குப் பிறகு சில வாரம் வழக்கமான விலையில் மீட்கலாம். அதற்குப் பிறகு 30 நாள் மீட்புக் காலம், அதில் கட்டணம் பல மடங்கு. அதையும் விட்டால் ஐந்து நாளில் பெயர் அழிந்து, யாரும் எடுக்கலாம் என்ற நிலைக்கு வந்துவிடும். முடிவுத் திகதிக்கு இரண்டு மாதம் முன்னால் உங்கள் தொலைபேசியிலேயே நினைவூட்டல் போட்டு வையுங்கள்.

நாலைந்து பெயரை எழுதி அனுப்புங்கள். எதை எடுக்கலாம், எதை விடலாம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்கிறேன்.